கார்டு இருக்கு, கதவு எங்கே?

(கேளம்பாக்கத்தில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வேலை தேடித் தர வேண்டியது அரசின் கடமையா? தேடிக்கொள்வது அவரவர் திறமையா?’ ‘அரசின் கடமையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியையின் பேச்சு.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, எல்லா வேலையையும் முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வேலை இல்லாததால் வந்திருக்கும் இளைஞர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். ‘திறமை இருந்தா வேலை வீடு தேடி வரும்’னு சொன்னார். வரும் தம்பி, வரும். ஆனா நம்ம வீட்டு விலாசம் அந்த வேலைக்குத் தெரியணுமே! (கைதட்டல்) விலாசம் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் காசு வாங்காத ஆளா இருக்கணும். அது யாருங்கிறதுதான் இன்னிக்கு வழக்கே.

நடுவர் ஐயா, நான் இந்த அணியில் பேசுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்தான். கேளம்பாக்கத்துக்கு நான் மருமகளா வந்தவ. பிறந்தது வேற மாவட்டம். எங்க அப்பா தறி நெய்தவர். அவருக்கு எந்த எம்.எல்.ஏ.வையும் தெரியாது. எந்த எம்.எல்.ஏ.வுக்கும் எங்க அப்பாவைத் தெரியாது, தேர்தலுக்கு முந்தின வாரம் தவிர! (சிரிப்பு) ஆசிரியர் பயிற்சி முடிச்ச அடுத்த மாசமே போய்ப் பதிஞ்சேன். ஒரு அட்டை கொடுத்தாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சேன். 1988இல் ஒரு நாள் மத்தியானம் தபால்காரர் வந்து ஒரு கவரைக் கொடுத்துட்டுப் போனார். சான்றிதழ்களோட நேரில் வரவும்னு எழுதியிருந்தது. எங்கம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாததால், சாமி படத்துக்கு முன்னால வச்சுட்டாங்க. சாயங்காலம் நான் வந்து விளக்கேத்தப் போனப்பதான் பார்த்தேன்.

அந்தக் கவருக்கு நான் ஒரு பைசா யாருக்கும் கொடுக்கலை. யார் வீட்டுத் திண்ணையிலும் போய் நிக்கலை. எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் காலியிடம் இருந்தது. அது ஒரு அலுவலகத்துக்குத் தெரிஞ்சது. அந்த அலுவலகத்துக்கு என்னையும் தெரிஞ்சது. அவ்வளவுதான். எதிரணியினர் இதைத் திறமைன்னு சொல்வாங்க. எனக்குத் திறமை இருந்தது, இல்லேன்னு சொல்லலை. அடக்கமா சொல்றேன், நிறையவே இருந்தது! (சிரிப்பு) ஆனா அந்தத் திறமை தறிக்குழியில உட்கார்ந்திருந்தது ஐயா. அதை எடுத்துக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டது அரசாங்கத்தோட ஒரு அலுவலகம்.

இப்ப இன்னொரு கதை. எங்க அண்ணன். பி.ஏ. முடிச்சு 1979இல் பதிஞ்சவர். என்னைவிடப் படிப்பில் கெட்டிக்காரர். ரெண்டு தடவை புதுப்பிச்சார். அப்புறம் கூலி வேலைக்கு பம்பாய் போனார். திரும்பி வர்றதுக்குள்ள புதுப்பிக்கிற கெடு தாண்டிப் போச்சு, சீனியாரிட்டி போச்சு. மறுபடி முதல்லேருந்து பதியணும்னாங்க. அலுவலகத்து மேல குத்தம் இல்லை, விதி அப்படி. அண்ணன் மறுபடி பதியலை. ஒரே வீடு, ஒரே தறி, ஒரே அலுவலகம். ஒருத்திக்குக் கவர் வந்தது, ஒருத்தருக்கு வரலை. இந்த ரெண்டு கதைக்கும் நடுவிலதான் நான் நின்னு பேசறேன்.

சரி, இது அரசின் கடமைன்னு எங்கே எழுதியிருக்குன்னு எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. எழுதியே இருக்கு ஐயா.

இரண்டாம் உலகப் போர் முடியிற சமயம். பட்டாளத்துக்குப் போன லட்சக்கணக்கான பேர் ஊர் திரும்பறாங்க. துப்பாக்கி பிடிச்ச கைக்கு என்ன வேலை கொடுக்கறது? அதுக்காக 1945இல் தொடங்கினதுதான் இந்த வேலைவாய்ப்பு அலுவலகங்கள். 1948இல் பொதுமக்கள் எல்லாருக்கும் கதவைத் திறந்தாங்க. 1956 நவம்பர் 1ஆம் தேதி, மொழிவாரி மாநிலம் பிரிஞ்ச அதே நாள், அன்றாட நிர்வாகம் மாநில அரசுகள் கைக்கு வந்தது.

இதுக்கு நடுவில், 1948இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கை கொண்டு வந்தது. 88ஆவது உடன்படிக்கை. அதில் என்ன சொல்லியிருக்கு? கையெழுத்துப் போடுற ஒவ்வொரு நாடும் இலவசமான பொது வேலைவாய்ப்புச் சேவையை நடத்தணும். ஒவ்வொரு பகுதிக்கும் போதுமான எண்ணிக்கையில் அலுவலகம் இருக்கணும். அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் வசதியான இடத்தில் இருக்கணும். காலியிடம் எங்கே இருக்குன்னு விசாரிக்கணும், தகுந்த ஆளை அனுப்பணும். 1959இல் இந்தியா இதை ஏத்துக்கிட்டது. அதே வருஷம், காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்கணும்னு நாடாளுமன்றம் ஒரு சட்டமும் போட்டது. ஆக, இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிற சலுகை இல்லை. எழுதிக் கொடுத்த வாக்கு. (கைதட்டல்)

வெள்ளைக்காரன்கூட முதல்ல வாக்குக் கொடுத்தான். 1919இல் வந்த உடன்படிக்கையும் இதையேதான் சொன்னது. அதை 1921இல் ஏத்துக்கிட்டு, 1938இல் விலகிக்கிட்டான். அவன் விலகினான், சரி. நாம விலகலை. ஆனா விலகாமலே விலகி நிக்கிற வித்தையை நாம கத்துக்கிட்டோம்! (பலத்த சிரிப்பு)

எப்படின்னு சொல்றேன். அந்த 1959ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பாருங்க. அரசு அலுவலகங்கள், 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற தனியார் நிறுவனங்கள், எல்லாரும் காலியிடம் வந்தா வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொல்லியாகணும்னு இருந்தது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு அனுப்பணும்னும் இருந்தது. சொல்லலைன்னா அப்ப என்ன தண்டனை தெரியுமா? முதல் தடவை அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். அடுத்த தடவை 1000 ரூபாய். 1959இல் 500 ரூபாய் பெரிய பணம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சட்டம் இருந்தவரைக்கும் அந்தத் தொகை அப்படியே நின்னுடுச்சு. இந்த மண்டபத்தில் ஒரு இலைச் சாப்பாடு என்ன விலைன்னு சமையல்காரரைக் கேளுங்க. அந்த அபராதத்துக்கு ரெண்டு பேர் வயிறாரச் சாப்பிட முடியுமான்னு சந்தேகம்தான்!

இன்னும் ஒண்ணு. அந்தச் சட்டத்திலேயே சில வேலைகளுக்கு விலக்கு இருந்தது. வாட்ச்மேன், பெருக்குறவர், ஆர்டர்லி, பியூன் மாதிரியான வேலைகளைத் தெரிவிக்க வேண்டியதில்லைன்னு இருந்தது. ஐயா, ஏழை வீட்டுப் பிள்ளை முதல்ல தேடற வேலையே அதுதானே! பெரிய படிப்புப் படிச்சவனுக்கு நாலு பேரைத் தெரியும். வாட்ச்மேன் வேலை தேடறவருக்கு யாரைத் தெரியும்? யாருக்குக் கைகொடுக்கணுமோ அவங்களைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தியாச்சு.

தெரிவிச்சாலும், அந்த அலுவலகம் அனுப்புற ஆளைத்தான் எடுக்கணும்னு கட்டாயம் இல்லை. அதுவும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது, 1987இல் உச்சநீதிமன்றமும் அதை எடுத்துச் சொன்னது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். யாரை எடுக்கறதுங்கிறது அவன் உரிமை. பொண்ணு பார்க்கத்தான் கூப்பிட்டோம், பார்த்ததும் தாலி கட்டுன்னு சொல்ல முடியாது! (சிரிப்பு) 1996இல் உச்சநீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. எக்ஸ்சேஞ்ச் அனுப்புற பேர்களோட நிறுத்தாம பத்திரிகையிலும் விளம்பரம் கொடுங்க, பதியாதவனுக்கும் வாய்ப்பு வேணும்னு. அதுவும் நியாயம்தான். நம்ம ஊரில் 2012இலிருந்து ஆசிரியர் வேலைக்கே தகுதித் தேர்வு வந்தாச்சு. குமாஸ்தா வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. இருக்கு. இப்படி ஒவ்வொரு வேலையா அந்த அலுவலகத்தை விட்டு வெளியே போச்சு. வேலை போயிடுச்சு, பெயர்ப் பட்டியல் மட்டும் தங்கிடுச்சு!

2023இல் தமிழ்நாட்டில் பதிஞ்சு வச்சவங்க 60 லட்சத்துக்கும் மேல். அரசு வெளியிடற கணக்கில் வயசுவாரியாப் பிரிச்சுக் கொடுப்பாங்க. அதில் 60 வயசுக்கு மேற்பட்டவங்கன்னு தனியா ஒரு வரி இருக்கு ஐயா! ரிட்டயர் ஆகிற வயசு தாண்டியும் முதல் வேலைக்குக் காத்திருக்கிறவங்க. நான் அந்த வரியைப் படிச்சப்ப முதல்ல சிரிச்சேன். அப்புறம் எங்க அண்ணன் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்னுடுச்சு.

எதிரணியில் ஒரு அண்ணன், ‘பரீட்சை எழுதி ஜெயிக்க வேண்டியதுதானே’ன்னார். 2022 ஜூலையில் குரூப் 4 தேர்வு. அறிவிச்ச இடம் 7301. விண்ணப்பம் போட்டவங்க 22 லட்சத்தை ஒட்டி. ஒரு நாற்காலிக்கு 300 பேர். அதில் 299 பேரும் திறமை இல்லாதவங்களா? அவங்க அடுத்து எந்தக் கதவைத் தட்டணும்னு சொல்றது யார் வேலை?

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போற ரோட்டில் உப்பளம். இந்தப் பக்கம் திரும்பினா சிறுசேரி சிப்காட், கண்ணாடிக் கட்டடங்கள், ராஜீவ் காந்தி சாலையில் ராத்திரி பகல்னு கம்பெனி பஸ். உப்பளத்திலிருந்து கண்ணாடிக் கட்டடம் எத்தனை தூரம்? சைக்கிளில் போயிடலாம். ஆனா உப்பு வாருறவர் வீட்டுப் பொண்ணு அந்தக் கட்டடத்துக்குள்ள கம்ப்யூட்டர் முன்னால உட்காரணும்னா எத்தனை தூரம்? அந்தத் தூரத்தை அளக்கிற மீட்டர் எந்த ஆட்டோவிலும் இல்லை ஐயா. (கைதட்டல்)

என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு. அவ அம்மா ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை, கான்ட்ராக்டர் மூலமா. பொண்ணு பி.காம். அம்மா பெருக்குற அதே மாடியில் கணக்கு எழுதற வேலைக்கு ஆள் எடுத்திருக்காங்க. அம்மாவுக்குத் தெரியாது. பொண்ணுக்கும் தெரியாது. வேலை அவங்க தலைக்கு மேலேயே வந்து, அப்படியே போயிடுச்சு. அந்த நேரம் பார்த்து அந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கா? ஒரு கடை மாடியில், ‘வேலை வாங்கித் தரப்படும்’னு போர்டு பார்த்துட்டு, 8000 ரூபாய் கட்டியிருக்கா. அம்மா காதில் போட்டிருந்ததை அடகு வச்ச பணம். பத்து நாள் கழிச்சுப் போனா பூட்டு தொங்குது. போர்டைக்கூடக் கழட்டிக்கிட்டுப் போயிட்டான், அடுத்த ஊருக்கு வேணுமே!

அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து அழுதா. ‘ஏம்மா, பதிவு பண்ணி வச்சிருக்கியே, அங்கே போய்க் கேட்டியா?’ன்னேன். ‘அது கவர்ன்மென்ட் வேலைக்குத்தானே டீச்சரம்மா?’ன்னா. இடி விழுந்த மாதிரி இருந்தது. பட்டதாரிப் பொண்ணுக்கே அந்த அலுவலகம் எதுக்குன்னு தெரியலை. வேலையையும் ஆளையும் சேர்த்து வைக்கிற இடம் அது, அரசு வேலைக்கு வரிசை நிக்கிற இடம் மட்டும் இல்லைன்னு நாம அவளுக்குச் சொல்லவே இல்லை. பத்து வருஷம் பாடம் நடத்தின நானும் சொல்லலை. அதை இந்த மேடையில் ஒத்துக்கறேன்.

எட்டாயிரத்தோட போச்சேன்னு ஆறுதல் பட்டுக்கணும். 2022இல் என்ன நடந்தது? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பிப் போன நம்ம ஊர்ப் பையன்களை மியான்மரில் மியாவாடின்னு ஒரு இடத்துக்குக் கடத்திக்கிட்டுப் போய், அடைச்சு வச்சு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடிச்சாங்க. மீட்டுக் கொண்டு வர அரசாங்கங்கள் பாடுபட வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பத் தமிழ்நாடு அரசே ஒரு நிறுவனத்தை 1978லிருந்து நடத்துது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு பேர். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். (சில கைகள் உயர்கின்றன) பார்த்தீங்களா ஐயா! ஏஜென்ட் பேர் தெரியும், அரசாங்கத்து நிறுவனம் பேர் தெரியாது. நல்ல கதவு மூடியிருந்தா கெட்ட கதவு தானா திறக்கும்.

நான் குறை மட்டும் சொன்னா நியாயம் ஆகாது. நடக்கிற நல்லதையும் சொல்றேன். பதிவும் புதுப்பித்தலும் வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். தபால்காரருக்குக் காத்திருந்த எங்க காலம் போயாச்சு. 2020இல் தனியார் வேலைகளுக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் தனியார் துறை முகாம் நடக்குது. அந்த அலுவலகங்களிலேயே போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி, தன்னார்வப் பயிலும் வட்டம்னு நடத்தறாங்க. அங்கே படிச்சு ஜெயிச்ச பிள்ளைகளை எனக்குத் தெரியும். பேரையும் மாத்தியாச்சு, ‘வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’. மூச்சு வாங்காம ஒரு தடவை சொல்லிட்டா அதுக்கே ஒரு வேலை கொடுக்கலாம்! (சிரிப்பு) அந்தப் பழைய 1959ஆம் வருஷச் சட்டமும், 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. அங்கேயும் காலியிடம் தெரிவிக்கணும், ஆனா எடுக்கணும்னு கட்டாயம் இல்லை.

ஆனா ஒண்ணு. முகாம்ங்கிறது திருவிழா மாதிரி. வருஷத்தில் சில நாள் தேர் வரும், கூட்டம் வரும், பலூன் விப்பாங்க. பசிக்கு மாசத்துக்கு ஒரு நாள் அன்னதானம் போதுமா? தினம் அடுப்பு எரியணும். வேலை போன மறுநாள் காலையில் ஒருத்தன் போய் உட்காரணும். எதிரே ஒரு அதிகாரி, ‘உனக்கு என்ன தெரியும்? சிறுசேரியில் இந்த மூணு இடம் காலியா இருக்கு, நான் பேசி விசாரிச்சிருக்கேன், சம்பளம் இவ்வளவு, நாளைக்குப் போ’ன்னு சொல்லணும். போயிட்டு வந்தப்புறம், ‘ஏன் கிடைக்கலை?’ன்னு கேக்கணும். இங்கிலீஷ் பேச வரலைன்னா எங்கே கத்துக்கலாம்னு சொல்லணும். அதுக்குப் பேர்தான் சேவை.

இது நடக்கிற காரியமான்னு கேப்பீங்க. இங்கிலாந்தில் 1910 பிப்ரவரி 1ஆம் தேதியே ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கான சட்டத்தை 1909இல் கொண்டு வந்த மந்திரி யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில்! நம்ம காந்தியை ஏளனம் பண்ணின அதே சர்ச்சில். தொழிலாளி ஒவ்வொரு தொழிற்சாலை வாசலா நடந்து செருப்புத் தேயறது நாட்டுக்கு நஷ்டம்னு அவருக்கே புரிஞ்சது, எதிரணிக்குப் புரியலை! (பலத்த கைதட்டல்) ஜப்பானில் ‘ஹலோ வொர்க்’னு பேர் வச்சு ஐந்நூறுக்கும் மேற்பட்ட அலுவலகம் நடத்தறாங்க. தேடறவருக்கும் இலவசம், ஆள் எடுக்கிறவருக்கும் இலவசம். அங்கேயெல்லாம் திறமை இல்லாதவங்களா இருக்காங்க?

‘அரசாங்கம் தேடிக் கொடுத்தா பையன் சோம்பேறி ஆயிடுவான்’ன்னு ஒரு வாதம் வந்தது. ஐயா, பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு போர்டு வைக்கிறோம். அதனால யாராவது சோம்பேறி ஆனாங்களா? ஏறி உட்கார்றது அவன் வேலை. டிக்கெட் எடுக்கறது அவன் வேலை. போர்டு வைக்கிறது அரசாங்கத்து வேலை. போர்டே இல்லாம, ‘திறமை இருந்தா சரியான பஸ்ஸில் ஏறு’ன்னா, ஒருத்தன் திருப்போரூருக்குப் பதிலா தாம்பரத்தில் போய் நிப்பான்! (சிரிப்பு)

சரி, சோம்பேறி ஆக்கற அளவுக்கு என்னதான் கொடுக்கறோம்? வேலையில்லாத பட்டதாரிக்கு உதவித்தொகை மாசம் 600 ரூபாய். அதுவும் பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருக்கணும், மூணு வருஷம்தான் கொடுப்பாங்க. நாளைக்கு 20 ரூபாய். இன்டர்வியூவுக்கு ஒரு சட்டையைத் தேய்க்கக் கொடுத்துட்டு ஒரு டீ குடிச்சா தீர்ந்தது கணக்கு. இதில் சோம்பேறி ஆகணும்னா அதுக்கே தனித் திறமை வேணும், எதிரணி அதைத்தான் சொல்றாங்களோ என்னவோ! (சிரிப்பு, கைதட்டல்)

(மணி அடிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணிக்குக் கட்டுப்பட்டவ, இப்பவும் கட்டுப்படறேன். ஒரே நிமிஷம்.

எல்லாருக்கும் அரசாங்க வேலை கொடுங்கன்னு எங்க அணி கேக்கலை. முடியாதுன்னு எங்களுக்கும் தெரியும். வேலை எங்கே இருக்கு, உண்மையான வேலையா, யாருக்குப் பொருந்தும், இதைக் காசு வாங்காம, பக்கத்திலேயே, தினமும் சொல்ற ஒரு இடம் வேணும்னு கேக்கறோம். 1959இல் ஒத்துக்கிட்டதைத்தான் கேக்கறோம், புதுசா ஒண்ணும் கேக்கலை. அந்தப் பொண்ணை நான் போன மாசம் ஒரு முகாமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு இடத்தில் பேர் கொடுத்திருக்கா. இன்னும் பதில் வரலை. வந்தா சொல்றேன்.

இது எங்க அண்ணனோட அட்டை. டிரங்குப் பெட்டியில் இருந்தது, நேத்திக்குக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன். பதிஞ்ச வருஷம் 1979. கடைசியா புதுப்பிச்சது 1985. ‘ஜாக்கிரதையாத் திருப்பிக் கொடுத்துடு’ன்னு சொல்லித்தான் கொடுத்தார், இன்னும் ஏதோ உபயோகம் இருக்கிற மாதிரி. இதை உங்க மேஜை மேல வச்சுட்டுப் போறேன் ஐயா. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துட்டு, மறக்காம என்கிட்ட திருப்பிக் கொடுத்துடுங்க.